எஸ்தரின் கடைசிக் கேள்வி

செய்தி வந்தபோது நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். டோக்கன் கூப்பிடும் பெண் என் பெயரைத் தப்பாகப் படித்தாள் என்று அவளிடம் சிடுசிடுத்துக்கொண்டிருந்த நேரம். கைப்பேசி அடித்தது. எஸ்தரின் தம்பி மகள் நிர்மலா. "அங்கிள், அத்தை காலைல அஞ்சு மணிக்குப் போய்ட்டாங்க" என்றாள். அவள் அழவில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் போனில் அழ மாட்டார்கள். நான் ரத்தம் கொடுக்காமலே எழுந்து வெளியே வந்து, தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் எந்தத் திசையில் நடப்பது என்று தெரியாமல் நின்றேன்.

எங்கள் துறையின் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழ ஆரம்பித்திருந்தன. ஈடு செய்ய முடியாத இழப்பு என்று ஒருவர் எழுதியிருந்தார். எஸ்தர் மேல் துணைவேந்தருக்கு மூன்று தடவை புகார் எழுதிய மகானுபாவர் அவர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உடனே, நீ மட்டும் என்ன பெரிய யோக்கியன் என்று மனசு கேட்டது. கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

எஸ்தரோடு படித்தவர்களும் எஸ்தரிடம் படித்தவர்களும் சேர்ந்து கொண்டுவரும் இந்த மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் அவருக்கு நான் சொல்லாமலே வைத்திருந்த பதில் ஒன்று இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தொண்டையில் நிற்கிறது. அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி நான் என்ன எழுதினாலும் அது பொய்யாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பேராசிரியர் எஸ்தர் செல்வமணியை உங்களில் பலருக்குத் துறைத் தலைவராகத்தான் தெரியும். எனக்கு அவரை முதலில் தெரிந்தது எங்கள் ஆராய்ச்சி வழிகாட்டியின் அறையில், கால் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணாக. இருவரும் ஒரே வருஷம் நிர்வாகவியலில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். நான் பணியாளர் ஊக்கம் என்று ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டேன். காரணம் வேறொன்றுமில்லை, அதற்குத்தான் நூலகத்தில் நிறையப் புத்தகம் இருந்தது. எஸ்தர் நிறுவனத் தலைமையும் பணியிடப் பாதுகாப்பும் என்றார். "அதுக்கு நீ சென்னைக்கோ கோயமுத்தூருக்கோ போகணும்மா. இங்க தொழிற்சாலைக்கு எங்க போவ?" என்றார் வழிகாட்டி. எஸ்தர் யோசிக்காமல் சொன்னார்: "எங்க ஊர்லேருந்து இங்க வர்ற வழியில நெல்லு மில்லு மட்டும் பதினேழு இருக்கு சார். பஸ் ஜன்னல்ல எண்ணிக்கிட்டேதான் வந்தேன்." வழிகாட்டி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சம்மதித்தார்.

எஸ்தரின் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அப்பா வயலில் கூலி வேலை செய்தவர். லுத்தரன் சபைக் குடும்பம். சபைப் பள்ளி விடுதியில் தங்கிப் படித்து மேலே வந்தவர் எஸ்தர். நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம், மிராசுக் குடும்பம். எங்கள் இரண்டு குடும்பங்களும் ஒரே பெஞ்சில் உட்கார்வது என்பது எங்கள் அப்பாக்கள் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

அந்த வருஷங்கள் எப்படிப்பட்டவை என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். கழக ஆட்சி வந்து, ஒரு கழகம் இரண்டாகி, ஊர்ச் சுவர்களில் ஒரு சின்னத்தின் மேல் இன்னொரு சின்னத்தை வரைந்துகொண்டிருந்த காலம். கூலி உயர்வு கேட்டு வயல் வரப்பில் செங்கொடி நட்டதும், வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்ததும், அடிதடியும் வழக்கும் எல்லார் மனசிலும் ஆறாமல் இருந்தன. நில உச்சவரம்புக்குப் பயந்து மிராசுகள் நிலத்தைச் சொந்தக்காரர்கள் பெயருக்கு மாற்றி வைத்திருந்தார்கள். என் பெயரில் ஐந்து ஏக்கர் இருந்தது. அதை நான் ஒரு நாளும் மிதித்ததில்லை. எழுதி வைத்தவர் என் தாய்மாமா. அவருடைய மகள் விஜயாவைத்தான் எனக்குக் கட்டுவது என்று நான் அரை டவுசர் போட்ட நாளிலேயே பேசி முடித்திருந்தார்கள்.

அப்படிப்பட்ட நேரத்தில் கூலிக் குடும்பத்துப் பெண் ஒருவர் நோட்டும் கையுமாக வந்து, உங்கள் ஆட்களிடம் பேச வேண்டும் என்றால் எந்த மில்காரர் உள்ளே விடுவார்? ஆறு மில்லில் கேட்டையே திறக்கவில்லை. ஓர் இடத்தில் எந்தக் கட்சி அனுப்பியது என்று கேட்டிருக்கிறார்கள். யுனிவர்சிட்டி என்றாராம். அது எந்தக் கட்சி என்றார்களாம். இதைச் சொல்லிச் சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரிப்பார் எஸ்தர்.

நான்தான் என் மாமாவிடம் பேசினேன். திருவாரூர் சாலையில் அவருக்கு ஒரு மில் இருந்தது. படிக்கிற பிள்ளை, வந்துவிட்டுப் போகட்டும் என்றார். மாமா கெட்டவர் இல்லை. பெண் கொடுத்தவர் என்பதற்காகச் சொல்லவில்லை. மில் ஆட்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயரெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் அவர் பேசும்போது அவர்களில் யாரும் குறுக்கே பேசியதை நான் பார்த்ததில்லை.

எஸ்தர் விசாரிக்கிற விதமே தனி. நாங்களெல்லாம் அச்சடித்த கேள்வித்தாளில் கட்டம் கட்டமாக டிக் அடித்து வாங்கிக்கொண்டு வருவோம். அவரும் கேள்வித்தாள் வைத்திருப்பார். எல்லாம் கேட்டு முடித்த பிறகு நோட்டை மூடுவார். பேனாவை மூடி நோட்டின் மேல் வைப்பார். அப்புறம், "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். ஒரு டீ ஆறுகிற நேரம் இருப்பார். எதிரில் இருக்கிறவர் தரையைப் பார்ப்பார், கால் விரலைப் பார்ப்பார், எழுந்து போய்விடலாமா என்று பார்ப்பார். எஸ்தர் அசைய மாட்டார். அதற்கப்புறம்தான் வரும், அதுவரை வராதது. அதை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டு, சரி என்றால்தான் நோட்டைத் திரும்பத் திறப்பார். "நோட்டு தெறந்திருக்கறப்ப எனக்காகச் சொல்றாங்க சார். மூடினப்புறம் சொல்றதுதான் அவங்களுக்காகச் சொல்றது" என்பார்.

மாமாவின் மில்லில் அவர் எல்லாரிடமும் கேட்ட கேள்வி ஒன்றுதான். யாராவது பெல்ட்டில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? ஓடிப்போய் ஐயாவிடம் சொல்வோம் என்றார்கள். ஐயா அங்கே இல்லையென்றால்? கூப்பிடுவோம். நீங்களே நிறுத்தினால் என்ன? இதற்கு மட்டும் சிரித்தார்கள்.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. மோட்டாரை நிறுத்தும் ஸ்டார்ட்டர் ஆபீஸ் அறைக்குள் இருந்தது. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த காலம் என்பதால் மீட்டருக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். அதே அறையில்தான் சாமி படங்கள், விளக்கு, மாமாவின் நாற்காலி எல்லாம். வேலையாட்கள் ஒருவரும் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. வெளியே நின்று ஐயா என்று கூப்பிடுவார்கள், மாமா எழுந்து வருவார். உள்ளே வரக்கூடாது என்று போர்டு எதுவும் கிடையாது. "நானா வராதேன்னேன்?" என்று மாமாவே எஸ்தரிடம் கேட்டார், உண்மையாகவே புரியாமல்.

எஸ்தர் அரவை மிஷினிலிருந்து ஆபீஸ் வாசற்படி வரை நடந்து எண்ணினார். முப்பத்தெட்டு அடி. வாசற்படியிலிருந்து ஸ்டார்ட்டர் வரை நாலு அடி. "இந்த முப்பத்தெட்டு ஒண்ணுமில்ல சார். இந்த நாலுதான் என் தீஸிஸ்" என்றார் என்னிடம். நான் சிரித்தேன்.

மிஷின் பக்கத்திலேயே ஒரு ஸ்விட்ச் வைத்துவிடலாம் என்று மாமாவிடம் பணிவாகத்தான் சொல்லிப் பார்த்தார். வைத்தால் பீடி குடிக்கத் தோன்றுகிறவனெல்லாம் நிறுத்துவான் என்று மாமா தள்ளிவிட்டார். எஸ்தர் என்னிடம் வந்தார். நீங்கள் சொன்னால் கேட்பார் என்றார். சம்பா அரவை முடியட்டும், நானே சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சொல்லவில்லை. பெண் கொடுக்கப் போகிறவரிடம் போய் அவர் தொழிலில் குறை சொல்வது எங்கள் வீடுகளில் மரியாதை இல்லை. மண்ணாங்கட்டி மரியாதை. அதை நான் ஒழுங்காகக் காப்பாற்றினேன்.

தை மாதம். நெல் வண்டி வண்டியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. நடுப்பகலில் அஞ்சலை என்ற பெண் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய தவிட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். முந்தானை பெல்ட்டில் சிக்கியது. அதை இழுக்கப் போன வலது கையையும் பெல்ட் இழுத்துக்கொண்டது. அவர் கணவர் சின்னையன் அதே மில்லில் மூட்டை தூக்குகிறவர். அந்தக் காலத்தில் நாங்கள் அவரை அவன் இவன் என்றுதான் சொல்வோம். இன்று எழுத வெட்கமாக இருக்கிறது. சின்னையன் முப்பத்தெட்டு அடியையும் ஓடிக் கடந்து ஆபீஸ் வாசற்படியில் வந்து நின்றார். அறைக்குள் யாரும் இல்லை. எதிரே நாலு அடியில் ஸ்டார்ட்டர். வெளியே நின்றபடியே ஐயாவைக் கூப்பிட்டார்.

களத்தில் நெல் துழாவும் பெண்களோடு பேசிக்கொண்டிருந்த எஸ்தர் அஞ்சலையின் அலறல் கேட்டு ஓடிவந்தார். சின்னையனைத் தாண்டி உள்ளே போய்க் கைப்பிடியை இறக்கினார். மில் நின்றது. மாமாவின் வீடு ஆபீஸ் அறைக்குப் பின்பக்கம் ஒட்டியே இருந்தது. நானும் மாமாவும் சாப்பாட்டிலிருந்து எழுந்து அப்போதுதான் வந்தோம். என் கையில் தயிர்சாதம் ஒட்டியிருந்தது. எஸ்தர் ஒரு நொடி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அஞ்சலையிடம் ஓடிவிட்டார்.

மாமாவின் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னால் நிறுத்தியிருந்தால் விரலோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். மாமா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அந்த வாரமே தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணைக்கு வந்தார். ஆபீஸ் அறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சின்னையன் அப்போதும் வாசற்படிக்கு வெளியே நின்றுதான் சாட்சி சொன்னார். "மூணு தடவ கூப்புட்டேங்கய்யா" என்றார். எஸ்தரிடம், அவன் கூப்பிட்டதைக் கேட்டீர்களா என்றார் ஆய்வாளர். களத்திலிருந்து ஓடிவந்தபோது மில் சத்தத்தில் தனக்குக் கேட்கவில்லை, தூரத்தில் வாய் அசைந்ததை மட்டும் பார்த்ததாக எஸ்தர் சொன்னார். கேட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பார்க்காததைப் பார்த்தேன் என்றும், கேட்காததைக் கேட்டேன் என்றும் சொல்ல வராத மனுஷி அவர். வீட்டில் இருந்த எங்களிடமும் ஆய்வாளர் கேட்டார். மாமா கேட்கவில்லை என்றார். "மில்லு ஓடுற சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்க" என்று நானும் சொன்னேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அறிக்கையில் தொழிலாளியின் கவனக்குறைவு என்று வந்தது. கணவர் பதற்றத்தில் குரல் எழாமல் நின்றுவிட்டதால் நிர்வாகத்துக்குத் தகவல் போகவில்லை என்றும் வந்தது. ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. பெண்டாட்டி கை போகும்போது வாய் திறக்காமல் நின்றவன் என்று சின்னையனுக்குப் பெயராகிப் போனது.

மாமா அடுத்த மாதமே மிஷின் பக்கத்தில் ஸ்விட்ச் வைத்துவிட்டார். ஒருவரும் அதைத் தொடவில்லை. எஸ்தர் மறுபடி போனார். ஒன்றும் நடக்காத நேரத்திலேயே ஒவ்வொருவராக வந்து மில்லை நிறுத்திப் பழக வேண்டும், மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும் என்றார். மாமா ஒப்புக்கொண்டது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். முதல் நாள் எல்லாரும் ஸ்விட்ச் வரை போய்விட்டு மாமா முகத்தைப் பார்த்துக்கொண்டு திரும்பினார்கள். கட்டோடு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த அஞ்சலை எழுந்து போய் இடது கையால் நிறுத்தினார். மில் அடங்கியது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, ஓட்டுங்க" என்றார். அன்று அங்கே சின்னையன் இல்லை. அந்த மில் வாசலை அவர் அதற்குப் பிறகு மிதிக்கவே இல்லை.

எஸ்தரின் ஆய்வேட்டில் அந்த நாளைப் பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. அதை எடுத்துவிடச் சொல்லி மாமா என்னைத் தூது அனுப்பினார். போனேன், அதையும் ஒளிக்கவில்லை. "மில்லு பேரு போடல சார். பேரு போட்டா அந்த ஒரு மில்லோட முடிஞ்சிடும்" என்றார் எஸ்தர். கூப்பிட்டதாகக் கணவர் சொல்கிறார், கேட்கவில்லை என்று வீட்டிலிருந்த இருவர் சொல்கிறார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தார். எது சரி என்று எழுதவில்லை.

அதற்குக் கீழே ஒரு வரியை வழிகாட்டி சிவப்பு மையால் அடித்திருந்தார். இதை எழுதுபவரும் அந்த வாசற்படியில் ஒரு கணம் நின்றார் என்ற வரி. ஆராய்ச்சியில் ஆராய்ச்சியாளர் வரக்கூடாதாம். பல்கலைக்கழகக் கேன்டீனில் அந்தப் பக்கத்தை எஸ்தர் என்னிடம் காட்டினார். "நானும் நின்னேன் சார். எம்.ஏ. படிச்சிருக்கேன். நாலு அடின்னு எண்ணி வேற வச்சிருக்கேன். அப்படியும் படியில வந்து காலு நின்னுடுச்சு. எங்கப்பா காலு சார் அது" என்றார். ஆய்வேட்டை மூடி, அதன் மேல் பேனாவை வைத்தார். என்னைப் பார்த்தார். அன்றைக்கு அவர் கேள்வியைக் கேட்கக்கூட இல்லை. டீ ஆறிவிட்டது என்று சொல்லி நான் எழுந்து வேறு டீ வாங்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். இருவரும் அதே துறையில் ஆசிரியர்களானோம். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் எஸ்தர் வேண்டுமென்றே ஒரு தப்பைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, யாராவது நிறுத்துங்கள் மேடம் என்று சொல்கிற வரைக்கும் அதன் மேலேயே பாடத்தைக் கட்டிக்கொண்டு போவார். ஒரு வருஷம் மூன்று நாள் ஆயிற்று. இதெல்லாம் கூத்து என்று நான் கேலி செய்வேன். "பாஸுக்கு முன்னாடி கை தூக்குறத இருபது வயசுல பழகலேன்னா அறுபதுலயும் வராது சார்" என்பார். என்னைக் குத்திச் சொல்கிறாரோ என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்தும்.

புதுக் கட்டடத் திறப்பு விழாவும் நினைவிருக்கும். அமைச்சர் மேடையில் இருக்கிறார், பதிவாளர் வரவேற்புரை என்ற பெயரில் புகழ்மாலை வாசித்துக்கொண்டிருக்கிறார். துப்புரவு வேலை செய்யும் பெண் ஒருவர் மேடைப் பந்தலின் இரும்புக் குழாயில் ஷாக் அடிப்பதாக மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறார். மூன்று பேரும் விழா முடியட்டும் என்றிருக்கிறார்கள். நான்காவதாக எஸ்தரிடம் சொன்னார். எஸ்தர் நேராகப் போய் மெயினை இறக்கிவிட்டார். மைக் செத்தது. பதிவாளர் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. விளக்கம் கேட்டு மெமோ வந்தபோது, என்னிடம் சொன்னார்கள், நிறுத்தினேன் என்று மூன்றே சொல்லில் பதில் எழுதினார். மேடைக் குழாயில் ஒயர் உரசிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. அமைச்சரே கூப்பிட்டு நன்றி சொல்லியும் மெமோவை யாரும் திரும்பப் பெறவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது இரண்டு மாதத்துக்கு முன்னால். நோய் முற்றிவிட்டது என்று தெரிந்து விஜயாவும் நானும் மருத்துவக் கல்லூரிச் சாலையில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். பாதியாக இளைத்திருந்தார். குறும்பு மட்டும் இளைக்கவில்லை. ஆட்டோக்காரரிடம் நான் போட்ட சண்டை மாடி வரைக்கும் கேட்டதாம், உங்கள் குரல்தான் எனக்குக் காலிங் பெல் என்றார். பழைய கதையெல்லாம் பேசினோம். கிளம்பும் நேரத்தில் அவர் மாத்திரை விவரம் எழுதும் சின்ன நோட்டை மூடினார். பேனாவை மூடி மேலே வைத்தார்.

"வேற ஏதாவது சொல்லணுமா, கோபால் சார்?"

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. விஜயா என் முகத்தையே பார்த்தாள். அவளுக்குத் தெரியும். அஞ்சலைக்குக் கை போன அன்று எங்களுக்குப் பரிமாறியவள் அவள்தான். "ஒண்ணுமில்ல எஸ்தர். உடம்பப் பாத்துக்குங்க" என்றேன். சரி சார் என்றார். சொல்லிவிட்டும் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

அடக்கத்துக்கு அஞ்சலை வந்திருந்தார். இரண்டு பஸ் மாறி வந்ததாகச் சொன்னார். தலை முழுக்க நரைத்திருந்தது. இடது கையால் ஒரு பிடி மண் அள்ளிப் போட்டார். வெளியே மரத்தடியில் சின்னையனைப் பற்றி விசாரித்தேன். போய் ஏழெட்டு வருஷமாகிறதாம். கேட்காமலே சொன்னார்: "அவரு கூப்புட்டுத்தான் இருப்பாருங்கய்யா. தொண்ட அடச்சுக்கிட்டு சத்தம் வெளிய வந்திருக்காது. சாவுற வரைக்கும் அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தாரு, ஏன் அஞ்சல எஞ்சத்தம் வெளிய வரலன்னு." அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பஸ் வந்துவிட்டது என்று அவர் போய்விட்டார்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது விஜயா காப்பியை மேஜையில் வைத்துவிட்டு நின்றாள். நாற்பது வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டில் பேசாத விஷயத்தை அப்போதுதான் பேசினாள். "அதையும் எழுதுங்க" என்றாள்.

சொல்லணும் எஸ்தர். இதுதான் நான் சொல்ல வேண்டியது.

சின்னையன் கூப்பிட்டார். எங்களுக்குக் கேட்டது. சாப்பாட்டுக் கூடத்து ஜன்னலுக்கும் அந்த வாசற்படிக்கும் நடுவில் ஒரு சுவர்தான். முதல் குரல் வந்தபோது விஜயா எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். நெல் வண்டி வந்திருக்கும், நிற்கட்டும் என்றார் மாமா. இரண்டாவது குரலுக்கு நான் இலையிலிருந்து கையை எடுத்தேன். பெரியவர் இலையை மூடுவதற்கு முன்னால் பந்தியிலிருந்து எழுந்திருக்கக் கூடாது என்று வளர்ந்தவன் நான். உட்காரு மாப்பிள்ளை என்றார். உட்கார்ந்தேன். தயிர் வந்தது. மூன்றாவது குரலில் அது நெல் வண்டிக்காக இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மனிதன் அப்படிக் கூப்பிட்டு நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அப்போதும், மாமா முதலில் எழுந்திருக்கட்டும் என்று அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு கணம் நின்றதை எழுதி வைத்தீர்கள். நான் உட்கார்ந்திருந்ததை மறைத்தேன். பிறகு ஆய்வாளரிடம் பொய் சொன்னேன். ஒரு மனிதனின் குரலை இல்லாமல் ஆக்கினேன். என் கையில் ஒட்டியிருந்த சாதத்தைப் பார்த்தபோதே உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நானாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தீர்கள். நான் ஏமாற்றிவிட்டேன்.

அச்சில் வருவதற்கு முன்னால் இதைக் கேட்க வேண்டியவர் ஒருவர் இருந்தார். போன வாரம் அஞ்சலையின் ஊருக்குப் போனேன். வாசலில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முதல் குரலுக்கே வந்துவிட்டார். நாற்காலி போட்டு டீ கொடுத்தார். மேலே இருப்பதைப் படித்துக் காட்டினேன். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. படித்து முடித்துக் காகிதத்தை மடித்து வைத்தேன்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடிவிடத்தான் தோன்றியது. ஓடவில்லை. எஸ்தரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். சொல்லி முடித்த பிறகு எழுந்து போகாமல், எதிரில் இருக்கிறவர் வாய் திறக்கும் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருப்பது. உட்கார்ந்திருந்தேன். டீ ஆறியது.

அஞ்சலை என்னைத் திட்டவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. சுவரில் மாட்டியிருந்த சின்னையன் படத்தின் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"கேட்டுச்சாம்யா" என்றார். "நீ கூப்புட்டது கேட்டுச்சாம்."